அரசு அலுவலகத்தில், ரேஷன் கடையில், இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: எழுதுங்கள்

தறிவீடு:
ரேஷன் கடை ரேகைக் கருவி எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். காலமெல்லாம் பாவு ஓட்டி, சாயம் தொட்டு அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், கருவி ஏற்கவில்லை, பின்னால் வரிசை. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "விழலை பாட்டி, அடுத்த ஆளு வாங்க" என்றார். திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்த அம்மா, "என் பேரை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு அந்தக் கடைக்கு விற்பனையாளராக ஒரு பெண் வந்தார். ரேகை விழாததும் கண் பார்க்கும் கருவியை எடுத்தார், "உங்க பேரு பத்திரமா இருக்கும்மா, இதோ பாருங்க" என்று திரையை அம்மா பக்கம் திருப்பினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதற்கப்புறம் துணைக்கு ஆள் கேட்காமல் தனியாகவே போய் வருகிறார்.

கிழக்குத்தெரு:
அந்தப் பெண் நல்லவர், சரி, அவரை மாற்றிவிட்டால்? ஒருவருடைய நல்ல மனசை நம்பி ஒரு சேவை நடக்கக் கூடாது. என் கதை சின்னது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்றிதழ், இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம், நிராகரித்துவிட்டார்கள், காரணம் "ஆவணங்கள் போதவில்லை". எந்த ஆவணம் என்று மையத்தில் இருந்த பையனுக்கும் தெரியவில்லை, அவன் திரையிலும் அந்த ஒற்றை வரிதான்.
எல்லோரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், விண்ணப்ப எண்ணைப் போனில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும் வழியில் மனு யாரிடம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், ரேஷன் என்றால் 1967. கடைக்கு வர முடியாத பெரியவர்களுக்காக வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் இருக்கிறது, பல பேருக்கு அது தெரியாது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் வருகிறது, தறிவீடு, உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள்.

கரிசல்காட்டுப் பெண்:
அவர் அம்மா பயந்ததைச் சொல்கிறார், நீங்கள் போன் நம்பர் தருகிறீர்கள். பயந்தவர் எப்படி 1100-க்கு அழைப்பார்? 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பமும் டோக்கனும் வீடு தேடி வந்தன, எந்த நாள், எத்தனை மணி என்று அதிலேயே இருந்தது. ஒரு நாள் கூலி போகாமல் வேலை முடிந்தது. அப்புறம் நிராகரிப்பு! ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதுவல்ல. இ-சேவை மையத்தில் காரணம் பார்த்தபோது, நான்கு சக்கர வாகனம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் எப்போதோ விற்ற வண்டி, வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. காரணம் தெரிந்ததால் என்ன காகிதம் வேண்டும் என்பதும் தெரிந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்தேன், பணம் வந்தது. "போதவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆளுங்கட்சிக்காரருக்குத்தான் கிடைக்கும்போல என்று நினைத்து விட்டிருப்பேன்.

ஓய்வூதியர் வீடு:
என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், பக்கவாதம், படுக்கையில் இருக்கிறார். ஓய்வூதியத்துக்கான வருடாந்திர நேர்காணலுக்கு அவரை எப்படித் தூக்கிப் போவது என்று தவித்தபோது தபால்காரர் 70 ரூபாய்க்கு வீட்டிலேயே உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுத்தார். போனைத் தூக்குமுன் "ஐயா, உங்க முகத்தைப் படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். பேச்சு வராத மனிதரிடம் யாரும் அப்படி அனுமதி கேட்டதே இல்லை, கண்ணை மூடித் திறந்து சரி என்றார்.
கிழக்குத்தெரு சொல்வதில் பாதி உண்மை. தபால்காரர் நல்லவர்தான், ஆனால் ரேகை விழாதவர்களுக்கு முகத்தை வைத்தே சான்று தரும் வழியை 2021-இல் கொண்டுவந்திராவிட்டால் அவரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்பார். ரேஷனிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் கண் கருவியே இல்லையா, இருந்தும் எடுப்பதில்லையா? ஊர் பெயர் வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.