புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அடையாறுக்காரி:

அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர் இருக்கையில் ஒரு அக்கா, குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் எட்டுத்தொகைப் பகுதியில் இருந்தேன். மஞ்சள் மார்க்கர், ஓரத்தில் பென்சில் குறிப்பு எல்லாம் போட்டு முடித்த பக்கங்கள். சாப்பிடப் போகும் முன் பேச்சுக் கொடுத்தார். எதுவரை வந்திருக்கிறேன் என்று காட்டினேன். புத்தகத்தை வாங்கினார், மூடினார்.

"அகநானூறு. தொகுத்தது யாரு? தொகுப்பிச்சது யாரு?"

இடப்பக்கம், மேலிருந்து கொஞ்சம் கீழே, மஞ்சள் கோடு. அத்தனையும் கண் முன்னால் நிற்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்புறம் அவரே சொன்னார்: தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. "நீ படிக்கலம்மா, பார்த்துக்கிட்டு இருக்கே" என்றார். கடிந்து சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

இப்போது ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகிறது. ஆனால் எது தெரியும், எது தெரியாது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கணம் நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

நர்சிங் இறுதி ஆண்டில் நடந்தது. ஆண்கள் மெடிக்கல் வார்டு, காலை மருந்து நேரம். என் தோழி நான்கு நிறப் பேனாவில் குறிப்பு எழுதுகிறவள், வகுப்பே அவளுடைய நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுக்கும். ஒரு பெரியவருக்கு டிகாக்சின் என்ற இதய மாத்திரை. வார்டு சிஸ்டர் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கி, கட்டில் பக்கத்து லாக்கர் மேல் கவிழ்த்து வைத்தார். "இப்ப சொல்லு. இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பே?"

அவள் வாயைத் திறக்கிறாள், எதுவும் வரவில்லை. படுக்கையிலிருந்த பெரியவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற நான் சொன்னேன்: ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

என்னை உறுத்துவது இதுதான். அந்த மருந்தைப் பற்றி அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும். முந்தைய இரவு ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் பெண் என்னிடம் வந்து கேட்டிருந்தாள், நோட்டு இல்லாமலே வாயால் விளக்கியிருந்தேன். எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான். அவள் எழுதினாள், நான் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

பொருநைக்கரை:

முதல் பதிவு எழுதிய தங்கச்சிக்கு: அந்த அக்கா கேட்டது சரி. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே அடுத்து ஒருவர் வந்து "மனப்பாடமே தப்பு" என்று எழுதுவார். அதற்கு முன்னால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் ஒரு வயதான ஓதுவார். நான் கல்லூரியில் இருந்தபோது, ஒரு தேவாரப் பதிகத்தின் நடுவில் வரும் ஒரு பாட்டின் மூன்றாம் அடியைச் சொல்லி, அடுத்த அடி என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதல் அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தால்தான் நடு அடி வரும். இவர் யோசிக்காமல் அடுத்த அடியைச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே பதிகத்தில் அந்தப் பாட்டுக்கு முந்தைய பாட்டையும் பாடினார். எப்படி என்று கேட்டேன். பாடசாலையில் அவருடைய ஆசிரியர் எந்த இடத்திலிருந்தும் தொடங்கிவிடுவாராம். பிள்ளைகள் அங்கிருந்து எடுக்க வேண்டும்.

இதுவும் மனப்பாடம்தானே? திண்ணைப் பள்ளிகளில் மாலை வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, அப்புறம் கேள்வி. நம்மவர்கள் மனப்பாடம் என்று வைத்திருந்ததில் கேட்பதும் சொல்வதும்தான் பாதிக்கு மேல். கேட்க ஆள் இல்லாமல் கண்ணால் ஓட்டுவதை நாம்தான் பிற்பாடு அந்தப் பெயரில் அழைக்க ஆரம்பித்தோம்.

அட்டைப்பெட்டி:

என் கதை சின்னது. அறைத்தோழன் ஒருவன் வங்கித் தேர்வுக்குப் படித்தான். பேருந்து நிறுத்தத்தில், மெஸ் வரிசையில், எப்போதும் கைபேசியைத் தட்டிக்கொண்டே இருப்பான். கேம் ஆடுகிறான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன்: "சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய திருத்தம்?" தட்டினான். "44, 1978." அடுத்த அட்டை.

அது ஆங்கி என்ற செயலி, 2006-இல் வந்தது. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் அதைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டுக் கைவிடுகிறார்கள்.

எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்மேலேயே சோதித்தார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலைத் திரும்பக் கற்றபோது, முதல் தடவை உழைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. அதிகமாக மறப்பது முதல் சில மணி நேரத்தில், அப்புறம் சரிவு மெல்ல அடங்கும். ஆகவே ஒரே நாளில் பத்து முறை பார்ப்பதைவிட அதே பத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துப் போடுவது மேல். லைட்னர் என்பவர் 1972-இல் இதை ஒரு பெட்டியாக்கினார். அட்டையில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அந்த அறையை இன்னும் தாமதமாகத்தான் திறப்பீர்கள். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். செயலி செய்வதும் இதுதான், எந்த நாளில் எது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது.

அட்டை எழுதும்போது ஒரு அட்டைக்கு ஒரே ஒரு விஷயம். "42-வது திருத்தம் பற்றி எழுதுக" என்று ஒரு அட்டை போட்டால் அது தினமும் உங்களைத் தோற்கடிக்கும். அதையே உடைக்க வேண்டும்: முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு சேர்ந்தது எந்தத் திருத்தத்தால்? அடிப்படைக் கடமைகள் எந்தத் திருத்தத்தால்? அது எந்த ஆண்டு? 1976. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கிய 61-ஐயும், கட்சித்தாவலைத் தடுத்த 52-ஐயும் தனித்தனியாகப் போடுங்கள். புரியாத ஒன்றை அட்டையாக்காதீர்கள், முதலில் பாடத்தைப் படியுங்கள். அடுத்தவர் செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்வதும் வேண்டாம். பாடத்திலிருந்து கேள்வியை நீங்களே எடுக்கும்போதுதான் பாதி வேலை நடக்கிறது. ஒருநாள் விட்டால் பாக்கி சேரும். அப்போது புதிய அட்டைகளை நிறுத்திவிட்டுப் பாக்கியை முதலில் முடியுங்கள்.

பொருநைக்கரை:

அட்டைப்பெட்டி தம்பி, நீங்கள் சொன்ன ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை வைத்துச் சோதித்தார். குறளுக்குப் பொருள் உண்டு, எதுகை உண்டு, ஏழு சீர் என்ற அளவு உண்டு. அது அந்த வேகத்தில் மறக்காது. எட்டுத்தொகை நூல்களின் பெயரை ஒரு வெண்பாவாகக் கட்டி வைத்தவர்கள் காரணம் இல்லாமலா கட்டினார்கள்? பாட்டாக இருப்பதை அட்டையாக உடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அட்டைப்பெட்டி:

அண்ணா, பாட்டை உடைக்கச் சொல்லவில்லை. திருத்த எண்ணுக்கு எதுகை கிடையாது, அதற்குத்தான் அட்டை.

இரண்டாம்_இன்னிங்ஸ்:

அட்டை, செயலி எல்லாம் நல்லதுதான் தம்பி. காலையில் சமையல், பிள்ளையை அனுப்புவது, மாலையில் தண்ணீர் பிடிப்பது என்று இருக்கிறவர்களுக்கு அட்டை செய்யவே நேரம் போய்விடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் மறுபடி குரூப் 4 எழுதுகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. நான் பாத்திரம் துலக்கும்போது அவள் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள். அடிவரையறை, அதாவது எந்த நூலின் பாட்டுக்கு எத்தனை அடி என்பது, எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. ஐங்குறுநூறு 3 முதல் 6, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. ஒப்பித்தேன். அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, குறும்பாக, "ஒன்பதுலருந்து பன்னெண்டு எது?" என்றாள்.

கை நின்றுவிட்டது. ஐங்குறுநூற்றிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் நற்றிணையைப் பிடித்தேன். மேலே அண்ணன் எழுதிய ஓதுவார் கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. தேர்வில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்பார்கள், எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்பார்கள், பொருத்துக என்று நான்கையும் கலைத்துப் போடுவார்கள். மனசுக்குள் முதலிலிருந்து ஓட்ட அங்கே நேரம் இல்லை. இப்போது அவளிடமே சொல்லியிருக்கிறேன், எப்போதும் வரிசையை மாற்றிக் கேள், திருப்பிக் கேள் என்று. அவளுக்கும் நன்றாக நினைவில் நிற்கிறது. போன வாரம் நற்றிணையைத் தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று அவள்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

சாக்பீஸ்:

நான் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு ஒரு பையன் நினைவில் இருக்கிறான். பாடம் நடத்தி முடித்த உடனே வைக்கிற தேர்வில் அவன்தான் எப்போதும் முதல். அடுத்த வாரம் அதே பாடத்தில் அதே கேள்விகளை, சொல்லாமல், மறுபடி வைத்தேன். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து, "சார், இதெல்லாம் எனக்குத் தெரியும் சார்" என்றான். பொய் இல்லை, அவனுக்கு உண்மையாகவே தெரிந்த மாதிரிதான் இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தேன்.

அதற்கு விளக்கம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு முறையில் அதையே மறுபடி வாசிக்க வேண்டும், இன்னொரு முறையில் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. அதாவது வாசித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. என் பையன் அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே நின்றிருந்தான், உடனடித் தேர்வு வைத்து அவனைப் பாராட்டியது எங்கள் மையம். இப்போது என் வகுப்பில் அன்றைய பாடத்தில் தேர்வே கிடையாது, போன வாரப் பாடத்தில்தான்.

பொருநைக்கரை அவர்களுக்கு ஒன்று. சதாவதானி செய்குதம்பிப் பாவலரைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு கவனகம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்வது, செய்தவர். அவரைச் சொன்னால் பிள்ளைகள் "அது வரம் சார், நமக்கு வராது" என்கிறார்கள். உங்கள் ஓதுவார் கதையை வகுப்பில் சொல்லப்போகிறேன். எந்த இடத்திலிருந்தும் எடுக்கப் பழக்கினார்கள் என்பது அவர்கள் காதில் விழ வேண்டும்.

புதுவரவு_96:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். நான் தனியாகத்தான் படிக்கிறேன், கேட்க மகளோ ஜூனியரோ இல்லை. நானே கேள்வி எழுதினால் பதிலும் கூடவே தெரிந்துவிடுகிறதே?

இரண்டாம்_இன்னிங்ஸ்:

இன்றைக்கு எழுதிய கேள்வியை இன்றைக்கே பார்க்காதீர்கள். நான்கு நாள் கழித்து எடுத்தால் நீங்கள் எழுதியதே உங்களைத் திணறடிக்கும். அதற்கும் நேரம் இல்லையென்றால் சமச்சீர் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் மதிப்பீட்டுக் கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலோர் பாடத்தைப் படித்த பிறகுதான் அதைப் புரட்டுகிறார்கள். நான் முதலில் அதைப் பார்த்துத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதிவிட்டு, அப்புறம் பாடத்துக்குள் போகிறேன். தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும் கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.