பேஷ் ஸ்கிரிப்டில் லோக்கல் என அறிவித்த மாறியை வேறொரு ஃபங்ஷன் மாற்றிவிடுவது ஏன்?

கேள்வி:
பத்துக் கோப்புகளின் பெயர்களை ஓர் அரேயில் வைத்து, "ஐ" என்ற மாறியை 0 முதல் 9 வரை நகர்த்தி, ஒவ்வொரு கோப்பையும் ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துச் சரிபார்க்கிறேன். அந்த ஃபங்ஷனுக்குள் மூன்று முறை சுற்றும் லூப்புக்கும், சோம்பலால், "ஐ" என்றே பெயர் வைத்துவிட்டேன். ஓட்டினால், முதல் கோப்பு முடிந்ததும் ஐந்தாவது கோப்புக்குத் தாவி, அதையே ஓயாமல் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. வெளி லூப்பை "மெயின்" என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து, அங்கே "ஐ"யை லோக்கல் என்று அறிவித்தும் பயனில்லை. லோக்கல் என்றால் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் உரியது என்றுதானே பொருள்?

பதில் 1:
பைத்தானிலும் சியிலும் நீங்கள் சொல்வது சரி. பேஷ் பின்பற்றுவதோ டைனமிக் ஸ்கோப். ஒரு பெயரைக் கண்டதும், எது எதை அழைத்தது என்ற சங்கிலியில் பின்னோக்கிச் சென்று, முதலில் அகப்படும் லோக்கல் மாறியை அது எடுத்துக்கொள்ளும். ஆகவே உள் லூப் மெயினின் "ஐ"யையே 3 வரை ஏற்றிவிட்டுத் திரும்புகிறது. வெளி லூப் ஒன்றைக் கூட்ட 4 ஆகிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அதுதான் ஐந்தாவது கோப்பு. லோக்கல் அறிவிப்பை அழைக்கப்படும் ஃபங்ஷனில் எழுதுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதே தீர்வு. ஆனால் லோக்கல் அறிவிப்பையும், ஒரு கட்டளையின் வெளியீட்டை மாறியில் பிடிப்பதையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். அக்கட்டளை தோற்றாலும் லோக்கலின் வெற்றிக் குறியீடான 0 மட்டுமே மிஞ்சும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. ஆனால், கோப்பு ஒன்றை கேட் கட்டளையால் பைப் வழியே வைல் லூப்புக்கு அனுப்பி வரிகளை எண்ணினால், லூப் முடிந்ததும் எண்ணிக்கை 0 ஆகவே நிற்கிறது. அந்த மாறியை நான் லோக்கல் என அறிவிக்கவே இல்லை.

பதில் 1:
அது வேறு சிக்கல். பைப்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனி நகலில், ஓடுவதால், எண்ணிக்கை அங்கே ஏறி அங்கேயே மறைகிறது. பைப்பை நீக்கி, டன் என்ற சொல்லுக்குப் பின் உள்ளீட்டுத் திசைமாற்றக் குறியிட்டுக் கோப்பைக் கொடுத்தால், லூப் உங்கள் ஷெல்லிலேயே ஓடும். பைப்பின் கடைசிப் பகுதியை உங்கள் ஷெல்லிலேயே ஓட்டும், பேஷ் 4.2 முதல் உள்ள லாஸ்ட்பைப் என்ற அமைப்பும் உதவும். ஆனால் ஜாப் கன்ட்ரோல் (வேலைகளை நிறுத்தவும் பின்னணிக்கு மாற்றவும் உதவும் வசதி; டெர்மினலில் இயல்பாகவே இயங்கும்) இயங்கும்போது அது செயல்படாது என்பதால், டெர்மினலில் நேரடியாகத் தட்டிச் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.