ராரோடோங்கா: மலையைக் கடப்பதா, காயலில் இறங்குவதா?

பயணப்பை:
தென் பசிபிக்கில் குக் தீவுகளில் உள்ள ராரோடோங்காவுக்கு மார்ச்சில் அப்பா, அம்மாவுடன் போகிறோம். ஒரு பகல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தீவின் குறுக்கே வடக்கிலிருந்து தெற்கே போகும் மலைப்பாதையா, கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே உள்ள காயலில் மீன் பார்ப்பதா? அப்பாவுக்கு 63 வயது, தினமும் நடப்பவர். எங்களில் யாருக்கும் நீச்சல் அவ்வளவாக வராது.

குறிஞ்சி:
மலைதான். தீவைச் சுற்றும் கரையோரச் சாலை மொத்தமே 32 கி.மீ. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரை முழுவதும் கண்ணில் பட்டுவிடும். தீவின் உட்பகுதியைப் பார்க்க நடந்துதான் ஆக வேண்டும். வடக்கில் அவாட்டியூ பள்ளத்தாக்கில் தார்ச்சாலை முடிந்த பிறகு பாதை மரவேர்களைப் படிக்கட்டாக வைத்துச் செங்குத்தாக ஏறும். பாதையின் உச்சியில் தே ருவா மங்கா, 413 மீட்டர் உயரத்தில் ஊசிபோல் நிற்கும் எரிமலைப் பாறை. அதன் அடிவாரம் வரை போனால் போதும், பாறைமேல் ஏற வேண்டாம், கல் பெயரும். பிறகு தெற்கே ஓடையோரமாக இறங்கி பாப்புவா அருவியில் முடியும். 3 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். காலை 8 மணிக்குள் வடக்கில் தொடங்குங்கள். கடினமான ஏற்றம் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ, கொசு மருந்து.

நெய்தல்:
அண்ணா, அவர் போவது மார்ச்சில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம். நீங்கள் சொன்ன வேர்ப்படிகள் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஆபத்து ஏற்றத்தில் இல்லை, தெற்கு இறக்கத்தில்தான். களைத்த முழங்காலோடு ஈரக் களிமண்ணில் இறங்கி, ஓடையை மறுபடி மறுபடி தாண்ட வேண்டும். தீவு சின்னது, அதன் மிக உயர்ந்த மலை 650 மீட்டருக்கு மேல். அங்கே கொட்டும் மழை சில கி.மீ. தூரத்தில் கடலைச் சேர்ந்துவிடுவதால் ஓடை சட்டென்று ஏறும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் திரும்பவும் முடியாது.

இவர்களுக்குக் காயல்தான் சரி. ஆனால் எல்லோரும் கைகாட்டும் கிழக்குக் கரை மூரி வேண்டாம். மூரி மணல் தரை. எதிரிலுள்ள குட்டித் தீவுகளுக்குத் துடுப்புப் படகில் போய்வர அருமையான இடம், பவளம் பார்க்க ஏற்றதல்ல. கரையோரக் கழிவுநீரால் பாசி பெருகிய பிரச்சினையும் அங்கே உண்டு. பவளத்துக்கு தென்மேற்கில் அரோவா அல்லது தெற்கில் டிக்கியோக்கி. ‘ராஉயி’ என்று பழங்குடித் தலைவர்கள் விதிக்கும் மீன்பிடித் தடையை 1998-இல் ராரோடோங்காவில் மீட்டெடுத்தார்கள். அதன் பலன் தண்ணீருக்குள் முகம் வைத்ததுமே தெரியும்.

குறிஞ்சி:
நீச்சல் வராதவர்களைக் காயலுக்கு அனுப்பும்போது முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. அங்கே ஆளைக் கொல்வது ஆழமல்ல, நீரோட்டம். அலைகள் பவளத்திட்டைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த நீர் வெளியேற வழி திட்டிலுள்ள சில திறப்புகள் மட்டும்: தெற்கில் அவாவாரோவா, பாப்புவா, ருட்டாக்கி. வெளிக்கடல் கொந்தளித்தால் அந்தத் திறப்புகளில் ஆறுபோல் இழுக்கும். பார்வைக்குத் தண்ணீர் அமைதியாகவே இருக்கும். ஆமை பார்க்கப் போன பயணிகள் அங்கே இறந்திருக்கிறார்கள்.

நெய்தல்:
அது உண்மை, நான் மறுக்கவில்லை. அதனால்தான் இடமும் நேரமும் பார்த்து இறங்க வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் திட்டின்மேல் வெள்ளை அலைக்கோடு தெரியும். அந்தக் கோடு அறுந்து, நீர் கருநீலமாக இருக்கும் இடம்தான் திறப்பு; அதன் பக்கமே போகாதீர்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நடக்கும் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. இடுப்பளவு நீரில் மிதவைச் சட்டையோடு குப்புறப் படுத்தாலே கிளிமீன்கள் தெரியும். கெட்டி அடியுள்ள நீர்ச்செருப்பு கட்டாயம், கல்போல் அடியில் கிடக்கும் நச்சுமீனான கல்மீனின் முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துவிடும். குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தென்னங்கீற்று:
இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். தென்கிழக்கில் டாக்கிடுமு பாதுகாப்புக் காடு இருக்கிறது. ககேரோரி என்ற சின்னப் பறவை 1989-இல் 29 மட்டுமே மிஞ்சியிருந்தது. நில உரிமைக் குடும்பங்கள் எலிகளுக்கு நஞ்சு வைத்துக் கூடுகளைக் காத்ததால் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. வழிகாட்டியோடு அரை நாளில் முடிந்துவிடும், ஏற்றமும் குறைவு. மீதி நேரத்தில் உட்பக்கப் பழஞ்சாலை ஆரா மெட்டுவாவில் சேப்பங்கிழங்கு வயல்களைப் பார்த்தபடி போகலாம். அப்பா, அம்மா இருவருக்கும் இதுதான் பொருந்தும்.

குறிஞ்சி:
பறவைக் காடு அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் தினமும் நடக்கும் மனிதருக்கு ஊசிப்பாறை அடிவாரம் எட்டாத உயரமல்ல. தெற்கு இறக்கம் பயமென்றால் அடிவாரம் வரை ஏறி வந்த வழியே அவாட்டியூவுக்குத் திரும்பட்டும். ஓடை தாண்டும் பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது.

நெய்தல்:
அந்த அரைப்பாதையை ஒத்துக்கொள்கிறேன், அதுவும் காலையில் மலையுச்சி மேகமில்லாமல் இருந்தால்.

குறிஞ்சி:
மேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், அங்கே உச்சியில் மேகம் அடிக்கடி வந்துபோகும். முந்தைய இரவு மழை பெய்ததா என்று தங்குமிடத்தில் கேளுங்கள். சாலை முடியும் இடத்தில் ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் ஓடினால் ஏறாதீர்கள். அங்கிருந்து தலைநகர் அவாருவா பக்கம்தான், கரைச்சாலையில் கைகாட்டினால் பேருந்து நிற்கும். ஏறி அரோவாவுக்குப் போய்விடுங்கள்.