வாரத்துக்கு 8 மணி நேரம் படிச்சா சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க் சர்டிபிகேட் பரீட்சை) முடிக்க முடியுமாங்க?

மூடுபனி_கோத்தகிரி:
கோத்தகிரி பக்கத்துல ஒரு ரிசார்ட்ல ஐடி வேலைங்க, பேருக்குத்தான் ஐடி, ரூம்ல வைஃபை வரலன்னா ஓடிப்போய் ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்றது, கேமரா பாக்குறது, பில் போடுற பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிட்டா உருவறது, இதான். காலைல 9க்கு போனா வீடு வர ராத்திரி 8 ஆயிடும், மே மாசம்னா கேக்கவே வேண்டாம். வாரத்துல ஒரு நாள் லீவு, அன்னிக்கும் அப்பா கூட தேயிலை மூட்டைய கொண்டு போய் போட்டுட்டு வரணும். எப்படி இழுத்துப் பிடிச்சாலும் வாரத்துக்கு 8 மணி நேரம்தான் தேறுது. கோயமுத்தூர்ல நெட்வொர்க் வேலைல இருக்குற மாமா பையன், 20 மணி நேரம் ஒதுக்க முடியாதுன்னா அதத் தொடவே தொடாத, காசுதான் போகும்னு சொல்லிட்டான். ஃபீஸ் 300 டாலர், வரி வேற, எனக்கு அது ஒன்றரை மாச சம்பளம். 8 மணி நேரம் வச்சு யாராச்சும் முடிச்சிருக்கீங்களா? எவ்வளவு மாசம் ஆச்சு?

பழைய_ஸ்விட்ச்:
தம்பி, 20 மணி நேரம்ங்கறது காலேஜ் முடிச்சுட்டு வீட்ல இருக்கறவன் கணக்கு. நான் 2021ல எழுதினேன், வாரத்துக்கு 9 மணி நேரம், ஏழு மாசம் ஆச்சு. ஆனா அதுல முதல் ரெண்டு மாசம் சுத்த வேஸ்ட், வீடியோவா பாத்துட்டு தலையாட்டிட்டு இருந்தேன், பாக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், மறுநாள் கேட்டா ஒண்ணும் வராது. அதனால உங்க 8ல பாதி கண்டிப்பா லேப், அதாவது நாமளே கான்ஃபிக் பண்ணிப் பாக்குறது. சிஸ்கோவோட பாக்கெட் ட்ரேசர்னு ஒரு சிமுலேட்டர் ஃப்ரீதான், பழைய லேப்டாப்லயே ஓடும்.

ஒண்ணு சொல்றேன். ரெண்டு ஸ்விட்ச் போட்டு நடுவுல ட்ரங்க் (பல விலான் ஒரே கேபிள்ல போற இணைப்பு) குடுத்து விலான் (ஸ்விட்ச்சுக்குள்ள தனியா பிரிச்ச நெட்வொர்க்) 10, 20 ரெண்டும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. புதுசா 30 சேக்கலாம்னு அலோவ்ட் விலான் 30ன்னு அடிச்சேன், 10ம் 20ம் படுத்துருச்சு. ஒன்றரை மணி நேரம் கேபிள மாத்தறேன், போர்ட்ட மாத்தறேன், ஒண்ணும் ஆகல. கடைசில பாத்தா 'ஆட்'னு ஒரு வார்த்தைய விட்டிருக்கேன், அது இல்லன்னா பழைய லிஸ்ட்ட அழிச்சுட்டு 30 மட்டும் நிக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்த எந்த வீடியோவும் எனக்கு குடுக்கல.

அப்புறம் நேரத்த சமமா பிரிக்காதீங்க. பரீட்சைல ஐபி கனெக்டிவிட்டி மட்டும் 25 சதவீதம், ஃபண்டமென்டல்ஸ் 20, நெட்வொர்க் ஆக்சஸ் 20, செக்யூரிட்டி 15, சர்வீசஸும் ஆட்டோமேஷனும் பத்து பத்து. ஆட்டோமேஷன பாத்து பயந்து ஒரு மாசம் அதுலயே உக்காந்த ஆளுங்கள பாத்திருக்கேன்.

குன்னூர்_அக்கா:
நான் சிசிஎன்ஏ இல்ல, ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட் சர்வீஸ்) பக்கம், ஆனா நேரப் பிரச்சனை ஒண்ணுதான். ரெண்டு பசங்க, மாமியார், ஆபிஸ் வேலை. ராத்திரி படிக்கிறேன்னு உக்காந்து உக்காந்து தூங்கினதுதான் மிச்சம். அப்புறம் காலைல நாலரைக்கு மாத்தினேன், டிசம்பர்ல அந்த நேரத்துக்கு தண்ணியத் தொட்டா விரல் மரத்துடும், வரக்காப்பி போட்டு கம்பளிய சுத்திக்கிட்டு 50 நிமிஷம், வாரத்துக்கு ஆறு நாள். கூட்டிப் பாத்தா 5 மணி நேரம்தாங்க. லீவன்னிக்கு மொத்தமா 5 மணி நேரம் உக்காந்து பாத்தேன், அடுத்த லீவு வர்றதுக்குள்ள பாதி போயிடுது. கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சைக்கு ரெண்டரை மாசம், அடுத்து சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்கு அஞ்சு மாசம். முதல் பரீட்சை 100 டாலர், அதுல பாஸ் ஆனா அடுத்ததுக்கு பாதி விலை கூப்பன் தருவாங்க, அதனால 150 டாலர் பரீட்சைய 75க்கு எழுதினேன். வீட்ல கணக்கு சொல்ல அது ரொம்ப உதவியா இருந்துச்சு 😄

ஊட்டிக்காரன்22:
நான் ஒத்துக்க மாட்டேன். ஏழு மாசம் இழுத்தா முதல் மாசம் படிச்சது ஏழாவது மாசம் எங்க ஞாபகம் இருக்கும்? லீவ சேத்து வச்சு மூணு வாரம் ஒரே மூச்சா படிச்சு எழுதிடுங்க. இல்லாட்டி டம்ப் (வெளிய கசிஞ்ச பரீட்சைக் கேள்வி பதில்) கிடைக்குது, பாத்துட்டு போங்க.

பழைய_ஸ்விட்ச்:
ஊட்டிக்காரரே, மறக்குங்கறது நிஜம். அதுக்குத்தான் வாரத்துல ஒரு நாள் பழைய லேப்ப பாக்காம திரும்பப் போடணும். டம்ப் மட்டும் வேண்டாம், மாட்டினா சர்டிபிகேட்ட பிடுங்கிடுவாங்க. மாட்டலன்னாலும் இன்டர்வியூல ஒரு ஸ்விட்ச்ச காட்டி கான்ஃபிக் பண்ணுன்னா முழிக்கணும்.

மேட்டுப்பாளையம்_பஸ்:
மணி கணக்கு எல்லாரும் சொல்லிட்டீங்க, தேதிய யாரும் சொல்லல. வீட்ல இருந்து ஆன்லைன்ல எழுதலாம்தான், ஆனா ரூம் முழுக்க கேமரால காட்டணும், நடுவுல யாரும் உள்ள வரக்கூடாது, நெட் போச்சுன்னா பரீட்சையே போகலாம். ஆனி ஆடி காத்துல மரம் விழுந்து கரண்ட் போற ஊர்ல அந்த ரிஸ்க் எதுக்கு, கோயமுத்தூர் சென்டர்லயே எழுதுங்க. அக்டோபர் நவம்பர்ல தேதி போடாதீங்க, கோத்தகிரிப் பக்கம் அப்பத்தான் மழை, 2009 நவம்பர் மண்சரிவு ஞாபகம் இருக்கும்ல. எந்த மாசமா இருந்தாலும் முந்தின நாளே கீழ இறங்கிடுங்க. சிசிஎன்ஏல ஒரு கேள்விய தாண்டிட்டா திரும்பிப் போக முடியாது, 120 நிமிஷம், பஸ்ல தொங்கிட்டு வந்த தலையோட அத எழுத முடியாது.

மூடுபனி_கோத்தகிரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலைல ஒரு மணி நேரம், லீவன்னிக்கு இலை போட்டுட்டு வந்து ரெண்டு மணி நேரம் லேப், அப்படிப் பாத்தா 8 வருது. இப்ப ஆரம்பிச்சா பிப்ரவரி கடைசில தேதி போடலாம்னு இருக்கேன். சப்நெட்டிங்தான் (ஐபி முகவரிய வச்சு நெட்வொர்க்க சின்னச் சின்னதா பிரிக்கிற கணக்கு) பயமா இருக்கு.

பழைய_ஸ்விட்ச்:
பேப்பர் எடுங்க. 10.20.37.200/21. நெட்வொர்க் (முதல் முகவரி) எது, பிராட்காஸ்ட் (கடைசி முகவரி) எது? கால்குலேட்டர் கூடாது.

மூடுபனி_கோத்தகிரி:
நெட்வொர்க் 10.20.32.0, பிராட்காஸ்ட் 10.20.40.255ங்களா?

பழைய_ஸ்விட்ச்:
முதல் பாதி சரி. /21ன்னா மூணாவது எண் எட்டு எட்டா தாவும், 32ல ஆரம்பிச்சா 39 வரைக்கும்தான், 40 அடுத்த வீட்டுக்காரனோடது. அதனால 10.20.39.255. எவ்வளவு நேரம் ஆச்சு?

மூடுபனி_கோத்தகிரி:
ஆறு நிமிஷம்ணா.

பழைய_ஸ்விட்ச்:
பரீட்சைக்குள்ள அது 30 செகண்ட் ஆகணும். தினமும் காலைல காப்பி கொதிக்கிறதுக்குள்ள அஞ்சு போடுங்க, அத 8 மணி நேரத்துல சேக்காதீங்க.