புதுப்பிப்பு: இறக்கின ஸ்விஃப்டுக்கு கேம்பர் போல்ட்டா, பிளேட்டா?

குட்டை ஸ்பிரிங் போட்டு 35 மி.மீ. இறக்கின என் ஸ்விஃப்டுல முன் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது, கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தா வீல் சாயுற கோணத்தை, சரிபண்ண கேம்பர் போல்ட் போதுமா, ஸ்ட்ரட்டோட (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியில வர்ற கேம்பர் பிளேட் போடணுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். போல்ட்டே போட்டாச்சு.

ஸ்ட்ரட்டையும் வீலைத் தாங்குற நக்கிளையும் சேர்த்துப் பிடிக்கிற ரெண்டு போல்ட்டுல மேல இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு இதை மாட்டணும். தண்டு கொஞ்சம் மெலிசு, நடுவுல ஒருபக்கம் புடைப்பு. திருகத் திருக வீலோட மேல்பக்கம் வெளியே நகர்றது கண்ணுக்கே தெரியும். கேம்பர் இடது மைனஸ் 1.9, வலது மைனஸ் 1.4 டிகிரி இருந்துச்சு (மைனஸ்னா மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சிருக்கு). இப்ப ரெண்டும் மைனஸ் 0.8. இறுக்கத்தை அளந்து திருகுற டார்க் ரெஞ்ச் இல்லாம இதை இறுக்க விடாதீங்க, வழுக்கினா அளவு போச்சு.

டயரைத் தின்னதுல பெரும்பங்கு டோ-அவுட்டுக்குத்தான், அதாவது வீலோட முன்பக்கம் வெளியே பார்த்து நிக்கிறதுக்கு. கேம்பரைத் தொட்டா டோவும் மாறும். அதனால டோவைச் சரிபண்ற டை ராடு கடைசியில.

தினசரி ஓட்டுற வண்டிக்கு பிளேட் வேண்டாம்ங்கிறது என் தீர்மானம். பெரும்பாலான பிளேட்டுல ரப்பருக்குப் பதிலா இரும்பு பேரிங், ரோட்டுச் சத்தம் அப்படியே உள்ள வரும். பின்னாடி ரெண்டு வீலையும் சேர்க்கிற ஒரே டார்ஷன் பீம். தேவைன்னா ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைக்கலாம், என் வண்டிக்குத் தேவைப்படல.