ஆமை வந்த நேரம் பார்த்து வேர்த்த கண்ணாடி

சென்னை

போன பிப்ரவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், கடலுக்கடியில் என் இரண்டாவது டைவ். ஓர் அழுங்காமை என்னைச் சட்டையே செய்யாமல் பாறையைக் கொத்திக்கொண்டு நாலு நிமிடம் பக்கத்திலேயே இருந்தது. கேமராவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால், பால் சட்டிக்குள் உட்கார்ந்து எடுத்தது போல ஒரு வீடியோ. நடுவில் வட்டமாக வெள்ளை; ஓரத்தில் மட்டும் ஆமையின் ஒரு துடுப்பு வந்து வந்து போனது.

ஹவுசிங்குக்குள், அதாவது கேமராவை வைத்து மூடும் தண்ணீர் புகாத கூட்டுக்குள், ஈரம் உறிஞ்சும் பட்டை போடாமல் இல்லை. இரண்டு போட்டிருந்தேன். ஆனால் அவை முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும் போட்ட அதே பட்டைகள். ராத்திரி மேசைமேல் காற்றாட வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். துணியா அது? கடலோர அறை, ஜன்னல் திறந்திருக்கிறது, விடிய விடிய அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பளத்தைத் திறந்து வைத்தால் நமுத்துப்போகும் என்று தெரிந்தவனுக்கு, பட்டை விஷயத்தில் மட்டும் உறைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். ஐந்து பட்டைகளைச் சேர்த்து ஓவனில் காய வைத்து, சூட்டோடு மூடி, ஆறின பிறகு நிறுத்தால் 4.1 கிராம். கூடத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் 4.8. மறுபடி ஓவனில் வைத்தால் 4.1. இப்படி ஏழு முறை செய்தேன். ஏழாவது முறையும் எடையில் சொல்லும்படி மாற்றமில்லை, ஓரம் மட்டும் லேசாகப் பழுத்திருக்கிறது. பெட்டியில் நாலு முறைதான் என்று போட்டிருந்தது.

அப்புறம் ஒரு கணக்கு. 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். என் ஹவுசிங்கில் கேமரா போக மிஞ்சும் இடம் ஒரு டீ டம்ளருக்கும் குறைவு. 100 மில்லி என்றே வைத்தாலும் உள்ளே பூட்டிய ஈரம் 2.4 மில்லிகிராம்தான். காய்ந்த பட்டை ஒன்றே 140 மில்லிகிராம் குடிக்கிறது. தவிர, அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் வேர்க்கும். அன்றைக்குக் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் காட்டிய தண்ணீர் வெப்பம் 27. அப்படியானால் மீதி ஈரம் எங்கிருந்து வந்தது? கேமரா சூடானபோது, நமுத்த பட்டையே குடித்ததைக் கக்கியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஹேவ்லாக்

நான் இங்கே டைவ் கடையில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இந்தப் புலம்பலோடு வருவார். பாதிப் பேருக்குக் காரணம் டுங்கிப் படகிலேயே நடந்துவிடும். முதல் டைவ் முடிந்து ஏறியதும், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஹவுசிங்கைத் திறந்து படம் பார்ப்பார்கள். பிறகு அதை மூடி வெயிலில் வைத்துவிட்டு பிஸ்கட் சாப்பிடப் போய்விடுவார்கள். தொட்டால் சுடும் அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே கடலில் குதித்தால் எந்தப் பட்டை என்ன செய்யும்? போட்டில் நல்ல தண்ணீர் வாளி நிழலில் இருக்கும், அதில் போட்டு வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. திறப்பதாக இருந்தால் ராத்திரி அறையில், ஏசி ஓடும்போது, கையைத் துடைத்துக்கொண்டு திறக்க வேண்டும். மறுநாளுக்கும் அங்கேயே மூடிவிட வேண்டும்.

ஒரு தடவை ஒருவர், உள்ளே நீர்த்துளி இருக்கிறது, ஹவுசிங் ஒழுகுகிறது என்று முகம் வெளுத்து வந்தார். வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் திறந்து, உள்ளே இருந்த துளியை விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை. வெறும் வேர்வை. உப்புக் கரித்தால் ஓ-ரிங்கை, அதாவது மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும், கரிக்காவிட்டால் பட்டையைப் பார்க்க வேண்டும்.

ஓ-ரிங் என்றதும் இன்னொன்று. பழைய பட்டையை நாலைந்து முறை சுட்டால் ஓரம் பஞ்சு மாதிரி பிரியும். அப்படி ஒரு நார் ஓ-ரிங்கின் குறுக்கே கிடந்து, ஒரு கேமரா முழுக்கத் தண்ணீர் குடித்ததை இந்தக் கையால் திறந்து பார்த்திருக்கிறேன். தலைமுடி பருமன்கூட இல்லை. ஏழு முறை சுடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓரம் பிரிந்த பட்டையைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள்.

திருகோணமலை

எனக்கு டைவ் எல்லாம் இல்லை. புறாமலைத் தீவுப் பக்கம் முகமூடி மாட்டிக்கொண்டு மிதப்பதோடு சரி. வீட்டில் ஏசியும் இல்லை, ஓவனும் இல்லை. முதலில் பட்டைகளைத் தோசைக்கல்லில் போட்டுக் காய வைத்தேன். அடுத்த நாள் கமராக் கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம், பட்டை போட்டு வைத்த போத்தலைத் திறந்தால் நல்லெண்ணெய் வாசம்.

இப்போது கச்சான் (நிலக்கடலை) வறுக்கும் மணல் சட்டிதான். மணலைச் சூடாக்கி, அடுப்பைக் குறைத்து, ஒரு தகர மூடியை மணலில் பதித்து அதற்குள் பட்டைகளைப் பரப்புவேன். சூடு மெதுவாக, ஒரே சீராக ஏறும், கருகாது. காய்ந்ததும் கிடுக்கியால் எடுத்து நேரே ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு இறுக மூடுவேன். ஒன்று தேவை என்றால் ஒன்றை மட்டும் எடுப்பேன். பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தால் காய வைத்தது வீண்.

காரைக்குடி

இந்தப் பட்டையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு ஆய்வகத்தில் மாரடிப்பவன் என்பதால் இரண்டு வார்த்தை. சென்னைக்காரர் சந்தேகம் சரி. சிலிகா ஜெல் சூடானால் ஈரத்தை விடும், காய வைப்பதே அந்தக் குணத்தை வைத்துத்தான். நமுத்த பட்டையைச் சூடாகும் கேமராவோடு ஒட்டி வைத்தால் அது சின்னதாக ஓர் இட்லிச் சட்டி.

100 முதல் 120 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் காகிதமும் உறையும்தான் கெடும். அவசரத்துக்கு மைக்ரோவேவில் ஒரே மூச்சில் மூன்று நிமிடம் வைத்தேன், பட்டையின் நடுவில் கறுப்பாக ஓட்டை விழுந்தது. நிறம் மாறும் நீல சிலிகா ஜெல் மணிகளைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நல்ல சரக்கு இல்லை. ஆரஞ்சு மணி வாங்குங்கள்.

என் மைத்துனர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டை தீர்ந்துபோனதென்று, துணி அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் பையைக் கத்தரித்து, உள்ளிருந்த வெள்ளைக் கட்டியைத் துணியில் முடிந்து ஹவுசிங்கில் வைத்துவிட்டார். அது கால்சியம் குளோரைடு. ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே உப்புக் கரைசலாகிவிடும். கடல் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, கேமரா மட்டும் உப்பில் ஊறியது. துளியை நக்கிப் பார்க்கும் வைத்தியம் அவரிடம் பலித்திருக்காது.

பொள்ளாச்சி

கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, பைக் ஓட்டுகிறவன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழைக்காக ஹவுசிங் மாட்டிக்கொண்டு போனேன். கீழே சூட்டில் மூடினது, மேலே மஞ்சு மூட்டத்தில் ஏற ஏற வேர்த்துவிட்டது. இப்போது காலையில் வீட்டிலேயே காய்ந்த பட்டையோடு மூடிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஒரு தொல்லை என்னவென்றால், மேடு பள்ளத்தில் பட்டை நழுவி லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். கேமராவின் அடியில் இறுக்கமாகச் செருகினால் நிற்கிறது.

சென்னை

எல்லோருக்கும் நன்றி. ஏழு முறை சுட்ட என் ஐந்து பட்டையில் மூன்றுக்கு ஓரம் பிரிந்திருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். போன வாரம் புதுச்சேரியில் மீதியை வைத்துப் பார்த்தேன். விடுதி அறையில் ஏசி போட்டு மூடினது, போட்டில் வாளிக்குள்ளேயே வைத்திருந்தேன். இரண்டு டைவிலும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. தண்ணீர்தான் கலங்கல், மீனைவிட மணல்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது.

திருகோணமலைக்காரரே, மணல் சட்டியில் எவ்வளவு நேரம்? கச்சான் வறுத்த அதே மணலா?

திருகோணமலை

அரை மணித்தியாலம். ஓம், அதே மணல்தான். பட்டையில் லேசாகக் கச்சான் வாசம் இருக்கிறது, மீன்கள் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.