80 ஆயிரத்துக்குள்ள எடிற்றிங் மொனிற்றர்: 24 இன்ச் ஐபிஎஸ்ஸா, 4கேயா, ரீவியா?

கொக்குவில்_கமரா:
எல்லாருக்கும் வணக்கம். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வீடியோ எடுத்து வீட்டில இருந்தே எடிற் பண்ணுறன், மூண்டு வருசமா ஒரு 15.6 இன்ச் லப்ரொப்பிலதான் முழு வேலையும். போன மாசம் ஒரு சாமத்தியவீடு செய்து குடுத்தனான், கனடாவில இருக்கிற பெரியப்பா ஆக்கள் ரீவியில போட்டுப் பாத்திட்டு போன் எடுத்து, பிள்ளையின்ர முகம் என்ன மஞ்சள் அரைச்சுப் பூசின மாதிரிக் கிடக்கு எண்டு கேக்கினம். என்ர ஸ்கிரீனில வடிவாத்தான் இருந்தது. பேந்து திரும்ப எடுத்துப் பாத்தன், லப்ரொப் மூடியைக் கொஞ்சம் பின்னுக்குச் சரிச்சா கறுப்பு வெளிறுது, முன்னுக்கு இழுத்தா தாய்மாமன்ர கோட்டு மடிப்பு ஒண்டும் தெரியுதில்லை, இதில எது உண்மையான படம் எண்டு எனக்கே தெரியாது. கையில 80 ஆயிரம் இருக்கு. கமரா 4கே எடுக்கும், ஆனா ஆக்களுக்குக் குடுக்கிறது 1080தான், பென்ட்ரைவிலயும் யூரியூப்பிலயும். என்ன வாங்கலாம்?

நல்லூர்_பிறேம்:
தம்பி, அது உம்மட கண்ணின்ர பிழை இல்லை, பனலின்ர பிழை. மூடியைச் சரிக்கச் சரிக்க மாறுது எண்டா அது ரிஎன் எண்ட மலிவு வகைப் பனல். மலிவு லப்ரொப்பில 45% என்ரிஎஸ்சி எண்டு பழைய ரீவி நிற அளவில ஒரு கணக்குப் போட்டிருப்பாங்கள், அதை எஸ்ஆர்ஜிபியோட, அதாவது கொம்பியூட்டர் ஸ்கிரீனுக்கு எண்டு இருக்கிற பொது நிற அளவோட, ஒப்பிட்டுப் பாத்தா மூண்டில ரெண்டு பங்கு நிறம் கூட வராது. அதில முகம் செத்துப்போய்த் தெரியும், நீர் கொஞ்சம் உயிர் வரட்டும் எண்டு சற்றுரேசனை, நிறச் செறிவை, கூட்டுவீர், முழு நிறமும் காட்டுற ரீவியில அது அளவு மிஞ்சிப் போய் நிக்கும். உம்மட மஞ்சள் முகத்துக்கு அதுதான் காரணம்.

24 இன்ச் 1080 ஐபிஎஸ் ஒண்டு எடும், அது பக்கத்தால பாத்தாலும் நிறம் அவ்வளவு மாறாத பனல், எஸ்ஆர்ஜிபி 99% எண்டாவது போட்டிருக்க வேணும். எச்டி வீடியோவின்ர நிற அளவு ரெக் 709, 1990இல வந்தது, அதின்ர சிவப்பு பச்சை நீலமும் வெள்ளையும் எஸ்ஆர்ஜிபிட அதே புள்ளிதான், காமா, அதாவது இருட்டில இருந்து வெளிச்சத்துக்குப் போற படிமுறை, மட்டும்தான் வேற. ஆனபடியா எஸ்ஆர்ஜிபியை ஒழுங்காக் காட்டுற மொனிற்றர் உம்மட வேலைக்குக் காணும். மிஞ்சிற காசை கலிபிறேற் பண்ணுற, அதாவது ஸ்கிரீனின்ர நிறத்தை அளந்து சரிப்படுத்திற, கருவிக்கு வையும்.

பருத்தித்துறை_4கே:
அண்ணை, மரியாதையோடதான் சொல்லுறன், உங்கட கதை பத்து வருசத்துக்கு முந்திச் சரி. தம்பியின்ர கமரா 4கே எடுக்குது. 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். அதை 21 லட்சம் பிக்சல் இருக்கிற 1080 ஸ்கிரீனில பாத்தா நாலில மூண்டு பங்கை அவர் பாக்காமலே வெட்டி ஒட்டுறார். ஃபோகஸ் தவறினது எங்க தெரியும்? நான் போன வருசம் ஒரு தாலிகட்டு முழுக்க ஃபோகஸ் ஐயரின்ர காதில நிண்டதை 1080 ஸ்கிரீனில கவனிக்கேல்லை, பெரிய ரீவியில போட்ட பிறகுதான் எல்லாருமாப் பாத்தம். பெம்பிளை வீட்டார் ஒரு சொல்லும் சொல்லேல்லை, அது இன்னும் கஷ்டமாக் கிடந்தது. தாலிகட்டை திரும்ப எடுக்க ஏலுமோ? கடன் பட்டெண்டாலும் 27 இன்ச் 4கே எடுங்கோ தம்பி.

சாவகச்சேரி_ஸ்ரூடியோ:
ரெண்டு பேரும் காசைக் கரைக்கச் சொல்லுறியள். ஆக்கள் பாக்கிறது எதில? ரீவியில. அப்ப எடிற் பண்ணுறதும் ரீவியிலதான் பண்ண வேணும். நான் 43 இன்ச் 4கே ரீவி வைச்சு ரெண்டு வருசமா வேலை செய்யிறன், கண்ணுக்கும் சுகம், வீட்டுக்காரர் வந்து பக்கத்தில இருந்து பாத்து இதை வெட்டு அதை விடு எண்டு சொல்லவும் வசதி. அதே காசுக்கு 24 இன்ச் பெட்டி ஒண்டு வாங்கி என்ன செய்யப் போறியள்?

நல்லூர்_பிறேம்:
சாவகச்சேரி அண்ணை, பக்கத்தில இருத்திக் காட்டுறதுக்கு ரீவி நல்லது, அதில மறுபேச்சில்லை. நிறம் பாக்கிறதுக்கு எண்டுதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ரீவி தன்ர பாட்டுக்கு ஷார்ப் ஆக்கும், கிறெயினை அழிக்கும், அசைவை மினுக்கும், விவிட் மோட்டில வெள்ளையை நீலமாக்கும். நீங்கள் திருத்தினது உங்கட வீடியோவையா ரீவி செய்த வேலையையா எண்டு எப்பிடித் தெரியும்?

தின்னவேலி_வயர்காரன்:
நான் எடிற்றர் இல்லை, திருத்திற ஆள். ரீவியை மொனிற்றராப் பாவிக்கிற ஆக்கள் என்னட்ட கொண்டு வாற முறைப்பாடு ரெண்டு. ஒண்டு, கறுப்பு சாம்பலாத் தெரியுது எண்டுவினம், இல்லாட்டி நிழல் எல்லாம் மொத்தையாக் கறுத்துப் போச்சு எண்டுவினம். கனக்க இடத்தில பனல் நல்லாத்தான் இருக்கும், கிராபிக்ஸ் கார்ட் கறுப்பு தொடக்கம் வெள்ளை வரையான அளவை 16 தொடக்கம் 235 வரை அனுப்ப ரீவி 0 தொடக்கம் 255 எண்டு நினைச்சுக் காட்டும், அல்லது மற்றப் பக்கமா. கார்ட் செற்றிங்ஸில போய் ஃபுல் எண்டு போட்டு ரீவியிலயும் அதையே போட்டா சரி. ரெண்டாவது, சிவப்பு எழுத்து கலங்கித் தெரியுது எண்டது. அது ரீவி நிறத் தகவலைப் பாதியாக் குறைச்சுக் காட்டுறது. சில ரீவியில அந்த இன்புற்றுக்குப் பிசி எண்டு பெயர் மாத்தி விட்டா சரிவரும்.

4கே அண்ணைக்கும் ஒண்டு. தம்பியின்ர லப்ரொப் பழசெண்டா ஸ்கிரீன் வயர் செருகிற எச்டிஎம்ஐ 1.4 ஆத்தான் இருக்கும், அதில 4கே 30 ஹேர்ட்ஸ்தான், செக்கனுக்கு 30 படம்தான், போகும். மவுஸ் இழுத்தா பின்னால வரும். முதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்கோ.

கொக்குவில்_கமரா:
பாத்தன் அண்ணை, 1.4தான் 😔 ஒரு வருசத்துக்கு வேற மெசின் வாங்க ஏலாது.

பருத்தித்துறை_4கே:
சரி, 4கே இப்ப வேண்டாம், அதை விடுறன். ஆனா 24 இன்ச் 1080 எண்டதை மட்டும் விட மாட்டன். 1080 ஸ்கிரீனில எடிற் பண்ணேக்க படம் தெரியிற சின்னப் பெட்டி எவ்வளவு? கீழ டைம்லைன், பக்கத்தில கிளிப் அடுக்கிற பெட்டி, மேல மெனு, எல்லாம் போக படம் ஒரு கொப்பித் தாள் அளவுதான். பிக்சலுக்குப் பிக்சல் பாக்கிறதெண்டா ஃபுல் ஸ்கிரீன் போட வேணும், போட்டா டைம்லைன் மறையும். 2560க்கு 1440 எடுத்தா 1080 படத்தை அப்பிடியே ஒண்டுக்கு ஒண்டு வைச்சிட்டு பக்கத்தில 640 பிக்சலும் கீழ 360 பிக்சலும் மிச்சம் இருக்கும், டைம்லைன் அதில இருக்கும். 27 இன்ச்சில அது இன்ச்சுக்கு 109 பிக்சல், எழுத்தையும் பெருப்பிக்கத் தேவையில்லை. எச்டிஎம்ஐ 1.4இலயும் 1440 அறுபது ஹேர்ட்ஸில போகும், லப்ரொப்பின்ர கிராபிக்ஸ் விட்டா. எப்பிடியும் 27 இன்ச் 1080 மட்டும் வாங்கிப் போடாதேங்கோ, இன்ச்சுக்கு 82 பிக்சல், புள்ளி புள்ளியாத் தெரியும்.

நல்லூர்_பிறேம்:
இது நியாயமான கதை. 1440 ஐபிஎஸ் எண்டா நான் எதிர்க்க மாட்டன், ஆனா 80க்குள்ள அது வந்து கருவிக்கும் காசு மிஞ்சுமோ? நிறம் பிழைச்ச 1440ஐ விட நிறம் சரியான 1080 எனக்குப் பெரிசு. ஃபோகஸ் பாக்கிறதுக்கு வியூவரை 100, 200 எண்டு சூம் பண்ணலாம், நிறத்துக்கு அப்பிடிச் சூம் பண்ண ஒண்டும் இல்லை.

பருத்தித்துறை_4கே:
ஒவ்வொரு ஷொட்டுக்கும் சூம் பண்ணிப் பாப்பினமோ அண்ணை? ஒரு கலியாணவீட்டில ஆயிரம் கிளிப் கிடக்கு, விடிய ரெண்டு மணிக்கு ஆர் சூம் பண்ணுறது. நான் பண்ணேல்லை, அதாலதான் ஐயரின்ர காது வந்தது.

ஸ்காபரோ_அக்கா:
நான் வேலைக்காரி இல்லை, வீடியோ வாங்கிற பக்கத்து ஆள். என்ர தங்கச்சியின்ர கலியாணம் யாழ்ப்பாணத்தில நடந்தது, லீவு கிடைக்காமல் நான் வர ஏலாமப் போச்சு, அந்த வீடியோதான் எனக்குக் கலியாணம். அம்மா என்னட்டச் சொல்லி எடுப்பிச்ச கூறை கடும் குங்குமச் சிவப்பு, படமும் அனுப்பினவ. வீடியோவில அது செம்மஞ்சளா வந்தது. நான் ரெண்டு ரீவியில போட்டுப் பாத்தன், ரெண்டிலயும் அப்பிடித்தான். உங்களுக்கு அது ஒரு நிறம். தயவுசெய்து நிறத்தைக் கவனியுங்கோ, ஆயிரம் பிக்சல் கூடக் குறைய எனக்குத் தெரியாது.

சாவகச்சேரி_ஸ்ரூடியோ:
அக்கா சொல்லுறது மனசில படுது. அதுக்காகத்தான் நானும் ரீவியில பாக்கச் சொல்லுறன், ரீவியில பாத்திருந்தா அந்தச் செம்மஞ்சளை அப்பவே பிடிச்சிருக்கலாம்.

நல்லூர்_பிறேம்:
கடைசியா ஒருக்கா ரீவியில ஓட்டிப் பாக்கிறது கட்டாயம் அண்ணை, அதை நான் ஒவ்வொரு வேலைக்கும் செய்யிறன். அதிலயே இருந்து திருத்திறதைத்தான் வேண்டாம் எண்டுறன்.

கொக்குவில்_கமரா:
கடையில ஒரு 27 இன்ச் வளைஞ்ச மொனிற்றர் காட்டினவை, எச்டிஆர், 165 ஹேர்ட்ஸ், விஏ பனல், பட்ஜெற்றுக்குள்ள வருது, கறுப்பு நல்ல கறுப்பு. அது எப்பிடி?

நல்லூர்_பிறேம்:
விஏ கறுப்பு உண்மையிலயே நல்லது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் ஐபிஎஸ் 1000க்கு 1 எண்டா விஏ 3000க்கு 1 வரும். ஆனா கொஞ்சம் பக்கத்தால பாத்தா நிழல் பகுதி மாறும், லப்ரொப் மூடியில நீர் பட்ட பாடு திரும்ப வரும். எச்டிஆர், அதாவது கூடின வெளிச்சமும் கறுப்பும் காட்டும், எண்டு பெட்டியில போட்டிருக்கிறதைப் பாத்து மயங்க வேண்டாம், 400 எண்டு சேட்டிபிக்கேற் இருந்தாலும் வெளிச்சம் 400 நிட்ஸ் வரும் எண்டதுக்கு மேல பெரிசா ஒண்டும் இல்லை. இன்னொண்டு, எஸ்ஆர்ஜிபியை விட அகண்ட பி3 நிறம் 95% எண்டு விக்கிற மொனிற்றரில எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கோ எண்டு கேளும். அது இல்லாட்டி நிறத்தை விரிச்சுக் காட்டும், நீர் கூடிப்போச்சு எண்டு குறைப்பீர், பேந்து கனடாவில இருந்து முகம் வெளிறிப் போச்சு எண்டு போன் வரும்.

வாங்கினாப் பிறகு செய்யிறதுக்குக் காசில்லாத வேலை ரெண்டு இருக்கு. பெட்டியில இருந்து எடுத்த மொனிற்றர் கண்ணைக் குத்திற வெளிச்சத்தில நிக்கும். நாங்கள் செய்யிற சாதாரண வீடியோவுக்கு 100 தொடக்கம் 120 நிட்ஸ் காணும். வெளிச்சம் கூடின ஸ்கிரீனில எடிற் பண்ணினா படத்தை இருட்டாக்கிப் போடுவீர், பாக்கிறவைக்கு மணவறை தெரியாது. மற்றது அறை. என்ர அறைச் சுவர் முந்திப் பச்சை, பின்னேரம் மேற்கு யன்னலால வெயில் அடிக்க எல்லா முகமும் சிவந்து தெரியும், நான் பச்சையைக் கூட்டிக் கூட்டி விட்டனான், ஒரு முழுக் கலியாணவீட்டை திரும்ப றெண்டர் எடுக்க வேண்டி வந்தது. இப்ப சாம்பல் பெயின்ற், தடிப்பான திரைச்சீலை.

தின்னவேலி_வயர்காரன்:
ஹேர்ட்ஸ் கதை வந்தபடியா ஒரு விசயம். எங்கட கறண்ட் 50 ஹேர்ட்ஸ், லைற் மின்னாமல் இருக்க நீங்கள் செக்கனுக்கு 25 பிறேமில எடுப்பியள். அதை 60 ஹேர்ட்ஸ் ஸ்கிரீனில பாத்தா சில பிறேம் ரெண்டு தரமும் சில பிறேம் மூண்டு தரமுமாக் கலந்து வரும், தேர் இழுக்கிறதை கமரா பக்கவாட்டாத் திரும்பி எடுத்திருந்தா துடிச்சுத் துடிச்சுப் போகும். வீடியோவில பிழை எண்டு நினைச்சு ஸ்லோமோஷன் போட்டு மறைக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். டிஸ்ப்ளே செற்றிங்ஸில 50 ஆக்கிப் பாருங்கோ, இல்லாட்டி 75 அல்லது 100 ஓடுற மொனிற்றர் எடுங்கோ, எல்லாம் 25ஆல பிரியும்.

பழசு வாங்கிற எண்ணம் இருந்தாலும் சொல்லுங்கோ. ஒஃபீசுகளில இருந்து கழிச்ச டெல் அல்ட்ராஷார்ப் வருது, யு2412எம் மாதிரி, 24 இன்ச் 1920க்கு 1200, 2011இல வந்த மொடல். அந்தக் கீழ் 120 பிக்சல் டைம்லைனுக்கு நல்ல உதவி. வாங்கேக்க முழு வெள்ளை, முழுச் சாம்பல், முழுக் கறுப்பு மூண்டையும் போட்டு மூலை மஞ்சளிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. கொழும்பில யூனிற்றி பிளாசாவில வாங்கி பஸ்ஸில கொண்டு வாறதெண்டா பெட்டியை நிமித்தி வைச்சு மடிக்குப் பக்கத்தில வைச்சுக் கொண்டு வாங்கோ, கீழ டிக்கியில போடாதேங்கோ, அப்பிடி வந்து உடைஞ்ச ரெண்டை நான் பாத்திட்டன்.

பருத்தித்துறை_4கே:
பழசு வேண்டாம் தம்பி. பின் வெளிச்சம் எத்தினை ஆயிரம் மணித்தியாலம் எரிஞ்சதெண்டு தெரியாது, கேக்கவும் வாறன்ரி இல்லை.

கொக்குவில்_கமரா:
சனிக்கிழமை போய் எடுத்திட்டன். 24 இன்ச் ஐபிஎஸ், 1080, 100 ஹேர்ட்ஸ், எஸ்ஆர்ஜிபி 99%. 1440 பாத்தனான், பருத்தித்துறை அண்ணை சொன்னது உண்மை, அந்த இடவசதி ஆசையாத்தான் கிடந்தது, ஆனா கருவிக்குக் காசு மிஞ்சாது. பென்ட்ரைவில அந்தச் சாமத்தியவீட்டுக் கிளிப்பைக் கொண்டு போய் கடையில போட்டுப் பாத்தன். பிள்ளையின்ர முகம், கழுத்தில நகை, பின்னால கட்டியிருந்த துணி எல்லாம் ஒரே மஞ்சள். மூண்டு வருசமா இப்பிடித்தான் குடுத்திருக்கிறன் போல. அந்த வேலையை முதலில இருந்து திரும்பச் செய்து பெரியப்பாவுக்கு அனுப்பப் போறன், காசு கேக்க மாட்டன்.

லப்ரொப்பைப் பக்கத்தில வைச்சு டைம்லைனை அதில போட்டிட்டன், மொனிற்றரில படம் மட்டும்.

பருத்தித்துறை_4கே:
ரெண்டு ஸ்கிரீனாப் பிரிச்சது நல்ல வேலை, படம் முழுசா ஒண்டுக்கு ஒண்டு வரும், அப்பிடியெண்டா என்ர ஃபோகஸ் கவலையும் பாதி தீந்தது. ஆனா அடுத்த மெசின் வாங்கேக்க 4கே, அதை விட மாட்டன்.

நல்லூர்_பிறேம்:
கருவி இப்ப வாங்க வேண்டாம் தம்பி. என்னட்ட ஒண்டு இருக்கு, மாசத்தில ஒரு நாள்தான் தேவைப்படும். நாலைஞ்சு பேர் சேந்து ஒண்டை மாறி மாறிப் பாவிக்கலாம், சாவகச்சேரி அண்ணையின்ர ரீவிக்கும் வைச்சுப் பாப்பம் அவர் விரும்பினா.

சாவகச்சேரி_ஸ்ரூடியோ:
வாங்கோ, வைச்சுப் பாப்பம். ரீவி சரியாக் காட்டினா நீங்களும் இதிலயே எழுத வேணும்.

நல்லூர்_பிறேம்:
எழுதுவன். கொக்குவில் தம்பி, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு உம்மட வீட்ட வாறன், மூண்டரைக்கே மொனிற்றரைப் போட்டு வையும், சூடாகாமல் அளந்தா கணக்குப் பிழைக்கும். யன்னலையும் மூடி வையும்.